அமியோடரோன்: பக்க விளைவுகளும் சமாளிக்கும் வழிகளும்

அமியோடரோன், சீர்கெட்ட இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து. இதயத்தின் கீழறைகளில் எழும் உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்புக்கும், மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்புக்கும் தரப்படுகிறது. எகிப்தில் சிறுநீரகக் கோளாறுகளுக்குப் பயன்பட்டுவந்த கெல்லா என்ற செடியைப் பற்றிய ஆய்வின் தொடர்ச்சியாக, 1961-இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலி மருந்தாக உருவானது. துடிப்பைச் சீராக்கும் அதன் திறனை 1970-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வாளர் பிராமா சிங் எடுத்துக்காட்டினார். அமெரிக்கா 1985-இல் ஒப்புதல் தந்தது.

பக்க விளைவுகளுக்கு மூல காரணங்கள் இரண்டு. இம்மருந்தின் எடையில் சுமார் 37 விழுக்காடு அயோடின். அதோடு இது கொழுப்பில் கரைந்து நுரையீரல், கல்லீரல், தோல், கண் எனப் பல இடங்களில் படிகிறது. ஆகவே தொல்லைகள் மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். ‘இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் உண்டு. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதோ 0.15 மில்லிகிராம்தான். இந்தச் சுமை தைராய்டு சுரப்பியை மந்தமாக்கலாம், மிகையாகவும் தூண்டலாம். மந்தமானால் அசதி, குளிர் தாங்காமை, எடை கூடுதல் ஆகியவை வரும். வயதானால் அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. தைராக்சின் மாத்திரை சேர்த்துக்கொண்டு அமியோடரோனைத் தொடர முடியும். மிகையானால் உடல் மெலியும், அடங்கியிருந்த படபடப்பு திரும்பும். மருந்து தொடங்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு, கல்லீரல் இரத்தப் பரிசோதனைகள் செய்வது வழக்கம்.

மிகவும் அஞ்ச வேண்டியது நுரையீரல் பாதிப்பு. விடாத வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு தெரிந்தால் இருமல் மருந்து வாங்கிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண்ணின் கருவிழியில் சுழல் கோடுகளாக நுண்படிவு உண்டாவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேரும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை. பார்வை மங்கினால் அது வேறு விஷயம், அவசரம். தோல் வெயிலில் எளிதில் எரியும். நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு மூக்கும் கன்னமும் நீலச்சாம்பல் நிறமாகும். ஜன்னல் கண்ணாடியை ஊடுருவும் கதிர்களும் போதும் என்பதால், பேருந்தின் ஜன்னலோர இருக்கையிலும் முழுக்கைச் சட்டை வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு நல்ல காப்பு.

குமட்டல், மலச்சிக்கல், கைநடுக்கம், தூக்கக்கேடு ஆகியவை மருந்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். குமட்டலுக்கு, உணவோடு மாத்திரையை விழுங்குவதே உதவும். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் நாடித்துடிப்பு மிகக் குறைந்திருக்கலாம்; தாமதிக்காமல் மருத்துவ உதவி பெற வேண்டும்.

அமியோடரோனோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் சாப்பிடுவோருக்கு இரத்தக் கசிவு அபாயம் கூடும். ஆகவே வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மருத்துவர் குறைப்பார். இதய மருந்தான டிஜாக்சினின் அளவையும் ஏறத்தாழப் பாதியாக்குவார்.

தொல்லை தாங்காமல் தானாக நிறுத்துவது, பழைய துடிப்புக் கோளாற்றை மீண்டும் அழைப்பதாகும். மருத்துவரே நிறுத்தினாலும் மருந்து உடலைவிட்டு நீங்கப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் வேறு நோய்க்கு யாரிடம் போனாலும், அமியோடரோன் சாப்பிட்டதையும் கடைசி மாத்திரை விழுங்கிய தேதியையும் சொல்ல வேண்டும்.