மக்காவில் ஒரு கையொப்பம்

பலஸ்தீன் விடுதலை இயக்கத்தார் தம் அமைப்பின் அரபுப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களை வரிசையாகக் கோத்துப் பார்த்தனர். ‘ஹத்ஃப்’ என்று வந்தது. மரணம் என்பது அதன் பொருள். எனவே எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு, வெற்றி எனப் பொருள்படும் ‘ஃபத்ஹ்’ ஆக்கிக் கொண்டனர். 1987இல் தோன்றிய ஹமாஸும் முதலெழுத்துக்களால் அமைந்த பெயரே. எழுச்சி என்பது அதன் பொருள். வெற்றியும் எழுச்சியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட கதையை நாம் எழுத நேர்ந்தது.

2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களுள் ஹமாஸ் 74ஐயும் ஃபத்ஹ் 45ஐயும் பெற்றன. அமைச்சரவை கைமாறியது, துப்பாக்கி கைமாறவில்லை. பாதுகாப்புப் படைகள் ஃபத்ஹ் தளபதிகளிடமே இருக்க, ஹமாஸ் தனக்கென ஒரு படையைத் திரட்டியது. மேலை நாடுகள் உதவியை நிறுத்தின, ஊழியர்க்குச் சம்பளமில்லை. காஸாத் தெருக்களில் சகோதரர் குருதி சிந்திற்று. மார்க்கப் பற்றுக்கும் தேசியப் பற்றுக்கும் நடந்த போர் என்று இதனைச் சுருக்கிவிடுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். படை யார் ஏவலில் நிற்பது என்பதே வழக்கு.

2007 பிப்ரவரி 8. போர் விலக்கப்பட்ட முஹர்ரம் மாதம். கஃபாவை நோக்கிய அரண்மனையில் மஹ்மூத் அப்பாஸும் காலித் மிஷ்அலும் உடன்பாடு கண்டனர். பலஸ்தீனரின் குருதியைப் பலஸ்தீனர் சிந்தலாகாது என்பது அதன் தலையாய வாசகம். அமைச்சுப் பதவிகளும் பங்கிடப்பட்டன. ஆனால், படைகளை எவ்வாறு இணைப்பது என்பதற்கு அதில் விளக்கமில்லை. விற்கும் பொருள் இன்னதென்று தெளிவாகாத கிரயம் செல்லாது என ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதிக் கொடுக்கிறோம். இவ்வளவு பெரிய உடன்படிக்கையில் அதனை மறந்தார்களே!

உள்துறை இரு தரப்பையும் சாராத ஹானீ அல்கவாஸிமீயிடம் தரப்பட்டது. படைகள் அவர் சொற்கேட்கவில்லை. மார்ச்சில் பதவியேற்றவர் மே மாதமே விலகினார். ஜூனில் போர் மூண்டது. ஃபத்ஹ் தரப்பினர் ஒருவர் மாடியிலிருந்து தள்ளிக் கொல்லப்பட, பதிலுக்கு ஹமாஸ் தரப்பினர் ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். சில நாட்களில் மாண்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஜூன் 14இல் காஸா ஹமாஸ் வசமாயிற்று; அப்பாஸ் அமைச்சரவையைக் கலைத்து ரமல்லாவில் வேறு ஆட்சி அமைத்தார்.

பின்னர் 2011இல் கெய்ரோவிலும், 2022இல் அல்ஜீரியாவிலும், 2024 ஜூலையில் பெய்ஜிங்கிலும் கையொப்பமிட்டனர். பெய்ஜிங்கில் மை உலர்ந்தபோது, எந்த மண்ணை யார் ஆள்வதென்று வழக்காடினார்களோ, அந்தக் காஸா இஸ்ரேலியக் குண்டுவீச்சில் இடிபாடாகக் கிடந்தது.