பொருநைக் கரையில் கணினியும் வைரஸும்

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கொண்டு சேர்ப்பது பெற்றோரின் நெடுங்கால வழக்கம். லோயர், ஹையர் என்னும் அரசாங்கப் பரீட்சைகளில் தேறினால் ஏதேனும் ஒரு காரியாலயத்தில் ஜீவனோபாயம் கிட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தூய யோவான் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி முதலிய ஸ்தாபனங்களால் கல்விக்குக் கீர்த்தி பெற்றதும், 1990-இல் தனக்கென மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை அடைந்ததுமான இப்பிரதேசத்தில், தொண்ணூறுகளில் அந்தத் தட்டச்சு யந்திரங்களுக்குப் பக்கத்திலேயே கணினிகளும் வந்து அமர்ந்தன. அன்றுமுதல் கணினி நம் வீடுகளுக்குள் நுழைந்த ஒவ்வொரு வழியிலும் வைரஸும் உடன் வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் நாம் நம்பும் கைதான் என்பதே இச்சரித்திரம் திரும்பத் திரும்பப் போதிக்கும் பாடம்.

அக்காலத்தில் ஒரு கணினியில் எழுதியதை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் சாதனம் பிளாப்பி. 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் சகோதரர்கள், தாங்கள் இயற்றிய மருத்துவ மென்பொருளைப் பிறர் அனுமதியின்றிப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் உத்தேசத்தோடு எழுதிய ‘பிரெய்ன்’ என்னும் நிரல், இந்த வழியில் உலகெங்கும் பரவிய ஆதி வைரஸ்களில் மிகவும் பிரசித்தமானது. இயங்கத் தொடங்கும் கணினி பிளாப்பியில் முதன்முதல் எந்தப் பகுதியைப் படிக்குமோ அந்தப் பகுதியிலேயே அது குடிகொண்டு, அங்கிருந்து கணினியின் நினைவகத்துக்கு ஏறி, பின்னர் செருகப்படும் பிளாப்பிகளில் தன் பிரதியைப் பதித்துவிடும். அச்சகோதரர்கள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும்கூட அதனுள் எழுதி வைத்திருந்தனர்.

இத்தகைய வைரஸ் காற்றில் பரவுமா, பக்கத்து மேஜையிலுள்ள கணினிக்குத் தாவுமா, மின்சாரத்தை நிறுத்திவிட்டால் மடிந்துபோகுமா என்றெல்லாம் புதிதாகக் கணினி வாங்கியவர் கேட்பது இயல்பு. அந்த வினாக்கள் மரியாதையான விடைக்கு உரியவை. வைரஸ் என்பது மனிதர் எழுதிய நிரலே அன்றி உயிருள்ள கிருமி அன்று. ஆகவே இரு யந்திரங்களுக்கிடையே தட்டு, கம்பி, கம்பியில்லாத் தொடர்பு என ஏதேனும் ஒரு சம்பந்தம் இருந்தால் அல்லாது அது கடந்து செல்லாது. மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகத்தில் இருந்த பிரதி அழியும். தட்டில் பதிந்த பிரதியோ மறுநாள் கணினியைத் திறக்கும்போது மீண்டும் இயங்கத் தொடங்கும்.

1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் பாரத தேசத்தில் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நெல்லைத் தெருக்களிலும் பிரவுசிங் சென்டர்கள் தோன்றின. சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் க்ஷேம சமாசாரம் மின்னஞ்சலாக வரலாயிற்று. 1999 ஏப்ரல் 26-ஆம் நாள் ‘செர்னோபில்’ என்று பெயர்பெற்ற வைரஸ், கணினி எழுந்திருப்பதற்கு ஆதாரமான மூலப் பதிவையே அழித்துப் பல தேசங்களில் யந்திரங்களை முடக்கியது. மறு ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய நிரல் ஒன்று, காதல் கடிதம் என்ற வேஷம் பூண்டு, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அறிமுகமானவர் பெயரில் வந்த கடிதமாதலின், சந்தேகிக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் வந்தது பென் டிரைவின் காலம். கல்யாணப் புகைப்படத்தை ஸ்டூடியோவிலிருந்து வாங்கிவரவும், விண்ணப்பத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கவும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. செருகியவுடன் தானே இயங்கத் தொடங்கும் வசதி அக்கால விண்டோஸில் இருந்தமையால், வைரஸுக்கு அழைப்பே வேண்டியிருக்கவில்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அதுவரை கணினியே நுழையாத இல்லங்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் மடிக்கணினி வந்தது. பெற்றோர்க்குப் பழக்கமில்லாத ஒரு யந்திரத்துக்குப் பிள்ளையே காவலாகவும் ஆசிரியராகவும் நிற்கும் நிலைமை அப்போதுதான் பரவலாயிற்று.

வைரஸால் இழந்ததை மீட்பது எப்படி என்பதற்கு, இதே பொருநை நதிக்கரையின் பழைய எழுத்துச் சரித்திரம் ஒன்று நினைவுகூரத் தக்கது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றுவதற்கு முன்னர், ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். ஒரே சுவடியை நம்பியிருந்தால், செல்லரித்த இடமும் எழுதியவர் பிழைத்த இடமும் நிரந்தர நஷ்டமாகவே நின்றிருக்கும். வெவ்வேறு இல்லங்களில் தனித்தனியே பிரதிகள் இருந்தமையால் ஒன்றின் குறையை மற்றொன்றால் நிறைக்க முடிந்தது. 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’யின் முன்னும், கணினியோடு இணைக்கப்படாத வேறொரு பிரதியை வைத்திருந்தவர்க்குத் தம் பொருள் மீண்டும் கிடைக்க வழி இருந்தது. குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் தனித் தட்டு ஒன்றில் பதித்து, பதித்ததும் அதைக் கழற்றி வைப்பது எந்த இல்லத்துக்கும் எளிதில் கைகூடும் காரியம்.

இவ்வாறு தனித்து வைப்பதன் பரீட்சை, திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில் கடலோரத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் வந்தது. 2019 அக்டோபர் இறுதியில், அந்நிலையத்தில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலைப்பின்னலோடு தொடர்பற்றவை என்றும் பரவும் செய்தி பொய் என்றும் நிலையத்திலிருந்து முதலில் அறிக்கை வந்தது. அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாகக் காரியங்களுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரது கணினியில் தீநிரல் காணப்பட்டது உண்மையே என்றும், செப்டம்பர் 4-ஆம் நாளே அத்தகவல் தனக்குக் கிட்டியது என்றும், முக்கியமான உள் வலைப்பின்னல் அதனின்று தனித்தே இருக்கிறது என்றும் தெரிவித்தது. அணு உலையைத் தனித்து நிறுத்திய ஏற்பாடு காத்தது. முதல் அறிக்கையின் மறுப்போ மக்களின் சந்தேகத்தையே வளர்த்தது.

வைரஸ் புகுவது மானக்கேடு அன்று. புகுந்ததை மறைப்பதே அதற்கு நாம் செய்யும் பேருபகாரம். ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை அடிக்கோ ஏச்சுக்கோ அஞ்சாமல் அப்பொழுதே வந்து சொல்லக்கூடிய வீட்டில், இணைப்பைத் துண்டிக்கவும், நண்பர்க்கு எச்சரிக்கை அனுப்பவும், கடவுச்சொல்லை மாற்றவும் அவகாசம் இருக்கும். அந்த அபயத்தைப் பிள்ளைக்கு அளிப்பது பெற்றோர் கடமை; விலைகொடுத்து வாங்கும் எந்தக் காப்பு மென்பொருளாலும் அதைத் தர இயலாது.