நைஃப் பிளேடு

கணினிவழி இயங்கும் கிரிகட் மேக்கர் வெட்டு இயந்திரத்தில், தடித்த கைவினைப் பொருள்களை வெட்டப் பொருத்தப்படும் கத்தி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கும் கிரிகட் நிறுவனம் இந்த இயந்திரத்தை 2017இல் அறிமுகப்படுத்தியது. சாதாரண பிளேடு, இழுக்கும் போக்கிலேயே திரும்பும். நைஃப் பிளேடையோ, அதன் தலையிலுள்ள பற்சக்கரத்தின் வழியாக இயந்திரமே திருப்புகிறது. பால்சா மரம், பாஸ்வுட், கெட்டி அட்டை, தோல் ஆகியவற்றை 2.4 மி.மீ. தடிமன் வரை வெட்டலாம்.

ஒரே இழுப்பில் வெட்டு முடியாது. அதே கோட்டில் பலமுறை ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போகும். கெட்டி அட்டைக்கு நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். முதல் பயன்பாட்டுக்கு முன் அளவீட்டுச் சரிபார்ப்பு தேவை. பொருளை ஊதா நிறப் பலமான ஒட்டுப்பாயில் வைத்து, ஓரங்களில் டேப் ஒட்டுவது நல்லது. உருளைக் கம்பியிலுள்ள வெண்ணிறச் சக்கரங்களை ஓரத்துக்குத் தள்ளாவிட்டால் அவற்றின் தடம் பொருளில் பதியும். பால்சா போன்ற மென்மரத்தில் மெல்லிய கிளைகளும் கூர்முனைகளும் எளிதில் முறியும். நுணுக்க வேலைப்பாட்டுக்கு இந்தக் கத்தி ஏற்றதல்ல. கிரிகட் எக்ஸ்ப்ளோர் வகை இயந்திரங்களில் இந்தப் பிளேடு இயங்காது.