உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்

உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது பல்லவர், சோழர் காலங்களில் தொண்டை மண்டலத்தில் விளங்கிய ஒரு பிரமதேயக் குடியிருப்பு ஆகும். இன்று இது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என அழைக்கப்படுகின்றது. காஞ்சிபுரம் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இவ்வூர்ச் சபை எழுதிவைத்த ஆட்சி விதிகளே இதன் புகழுக்குக் காரணம்.

தோற்றம்

இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 750 அளவில், வேதம் கற்ற அந்தணர்களுக்கு அரசன் வழங்கிய நிலக்கொடையாக இவ்வூர் உருவானது எனக் கருதப்படுகின்றது. நிலத்தைப் பெற்றவர்கள் சபையாகக் கூடி ஊரை ஆண்டனர். ஊரின் பெரிய ஏரி வைரமேகத் தடாகம் எனப்பட்டது. ஏரி நிரம்பாவிட்டால் வயலும் இல்லை, வரியும் இல்லை. ஏரியைக் காக்கத் தனி வாரியம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

பராந்தகன் காலக் கல்வெட்டுகள்

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரு கல்வெட்டுகள் உள்ளன. முதலாவது பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 919), இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 921) சேர்ந்தவை. இரண்டு முறையும் அரசாணையுடன் வந்த அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார். எனவே விதிகளைச் சபை இயற்றியது என்பதும், அரசனின் கண் அதன்மேல் இருந்தது என்பதும் ஒருங்கே உண்மையாகும். இரண்டே ஆண்டுகளில் விதிகள் மாற்றப்பட்டது, முதல் ஏற்பாடு போதவில்லை என்பதைக் காட்டுகின்றது.

தகுதியும் தகுதியின்மையும்

921ஆம் ஆண்டு விதிப்படி, உறுப்பினராக விரும்புபவர் வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருத்தல் வேண்டும்; முந்தைய விதியில் இது 30 முதல் 60 வரை என இருந்தது. வேதக் கல்வியும் வேண்டும். கல்வியில் மிக்கவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது.

கணக்குக் காட்டாதவர் பற்றிய விதியே மிகக் கடுமையானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்கை ஒப்படைக்காதவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் எனச் சுற்றம் முழுவதும் விலக்கப்பட்டது. உறவினர் பெயரில் பதவியைக் கைப்பற்றும் வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

குடவோலை முறை

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபை நிறைந்து கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஏதும் அறியாச் சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பார். பின்னர் நம்பிமார் அனைவரும் படிப்பர்.

இவ்வாறு தெரிவான 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் குடவோலை வழியாகவே ஆள் தெரிந்தனர். பதவிக்காலம் 360 நாட்கள்.

ஒப்பீடும் மதிப்பீடும்

இதை மக்களாட்சித் தேர்தல் என்பது மிகைக்கூற்றாகும். இங்கு வாக்களிப்பு இல்லை, திருவுளச்சீட்டே இருந்தது. உழுகுடிகள், கைவினைஞர், பெண்கள் எவருடைய பெயரும் குடத்தில் இடம்பெறவில்லை. இந்த விதிகள் பிரமதேய ஊருக்குரியவை. வேளாளர் ஊர்களின் அவையான "ஊர்" வேறு வகையினது.

அரசன் கொடுத்த உரிமையில் எழுந்த குடியிருப்பு, தனக்குத்தானே விதி செய்துகொள்வது பிற நாடுகளிலும் காணப்படுகின்றது. 1606இல் ஆங்கில அரசன் முதலாம் ஜேம்சு வழங்கிய பட்டயத்தின்படி, 1607இல் அமெரிக்காவில் யேம்சுடவுன் நிறுவப்பட்டது. 1619இல் அங்கு 22 பேராளர்கள் அவையாகக் கூடினர். அங்கு பேராளர்களைக் குடியேறிய ஆண்கள் தேர்ந்தெடுத்தனர். 1670இல் வாக்குரிமை சொத்துடையோருக்கு மட்டுமென வர்ஜீனியா சட்டம் சுருக்கியது. ஆனால் கணக்குக் காட்டாதவனின் மருமகனையும் விலக்கும் விதியை உத்திரமேரூர்ச் சபை அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே கல்லில் வெட்டிவைத்திருந்தது.