புதுவையில் கரை தேடுவோர்க்கு

புதுச்சேரிக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?" என்பதே அது. கடலோர ஊரில் இப்படியும் ஒரு கேள்வி உண்டோ என்று சிலர் வியக்கலாம். கடல் ஒன்று, கரையும் ஒன்றுதானே என்பர். ஆனால் புதுவையில் கரை ஒன்றன்று. வடக்கே காலாப்பட்டு முதல் தெற்கே சுண்ணாம்பாற்றின் முகம் வரை, ஒரு காலைப் பொழுதிற்குள் சுற்றிவந்துவிடக்கூடிய தொலைவுதான். அதற்குள் ஓரிடத்தில் மணல் அகன்று பரந்து கிடக்கிறது. ஓரிடத்தில் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. வேறோரிடத்தில் அலை வீட்டுச் சுவரின் அடியைத் தொட்டு மீள்கிறது. இவ்வேறுபாடு முற்றும் இயற்கையின் செயல் அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால், எந்தக் கரைக்குப் போவது என்பதை நேயர்கள் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

தெற்கிலிருந்தே தொடங்குவோம். பழமை அங்கேதான் இருக்கிறது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் இடம் உள்ளது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலங்களும், மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த கூர்அடிச் சாடிகளின் உடைசல்களும், எண்ணற்ற கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடற்பயண நூலில் 'பொதுகே' எனக் குறிக்கப்படும் துறை இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, யவன வாணிகம் வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைக் காட்டியது. இன்று அங்குச் செல்வோர் கண்முன் நிற்பது ஒரு பாழடைந்த செங்கற்கட்டடம். அதனை ரோமர் கட்டியது என்று நம்பிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் உண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் எச்சம். ரோமர் காலத்துப் பொருள்களைக் காண விரும்புவோர் நகரிலுள்ள அருங்காட்சியகத்திற்கே செல்ல வேண்டும்.

அரிக்கமேடு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. அக்கால மாலுமிகள் தேடியது திறந்த கடற்கரையை அன்று; ஆற்றின் உட்புறத்து அமைதியான நீரையே தேடினர். கீழைக் கடற்கரையில் அலையின் இயல்பு அத்தகையது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பிரெஞ்சுக்காரர்களோ திறந்த கரையிலேயே நகர் அமைத்தனர். 1674-ஆம் ஆண்டில், பிஜப்பூர் அரசின் கீழ் ஆண்ட ஷேர்கான் லோடியின் இசைவோடு பிரான்சுவா மார்த்தேன் இங்கே நிலைகொண்டார். 1693-இல் ஒல்லாந்தர் ஊரைப் பிடித்தனர். 1699-இல் திருப்பித் தந்தனர். இத்தனை ஆண்டுகளிலும் கப்பல் கரையை அணையும்படியான துறைமுகம் ஒன்று புதுவைக்கு இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சலங்குகள் போய்வரும். சலங்கு என்பது ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. அலை மோதும்போது அது விட்டுக்கொடுத்து நெளியும். ஆணி அடித்த படகு அதே அலையில் பிளந்துவிடும். துய்ப்ளேக்சின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரவும் சரக்கு இறக்கமும் எத்தனை முறை வருகின்றன என்பதைப் படித்தோர் அறிவர். ஊரின் செல்வமெல்லாம் அந்த அலையைக் கடந்தே வந்தது. படகோட்டிகள் ஒருநாள் மறுத்துவிட்டால் கவர்னரும் காத்திருக்க வேண்டியதுதான்.

பிள்ளை 1761 ஜனவரி 12-இல் மறைந்தார். நான்கே நாட்களில் ஊர் ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் மாளிகைகளும் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளுக்கிடையே, சில ஆண்டுகள் கழித்து, லெ ழாந்தீல் என்னும் வானநூல் அறிஞர் தொலைநோக்கியோடு காத்திருந்தார். கதிரவனின் வட்டத்தை வெள்ளி கடப்பதைக் காண வந்தவர் அவர். 1761-இல் அக்காட்சி நிகழ்ந்தபோது, புதுவை பகைவர் கையில் இருந்தமையால், நடுக்கடலில் கப்பலிலே அகப்பட்டுக்கொண்டார். எட்டாண்டுகள் கீழை நாடுகளில் தங்கி, 1769 ஜூன் மாதத்தில் புதுவையில் எல்லாம் ஆயத்தம் செய்து நின்றார். சரியாக அந்நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! வீராம்பட்டினத்தின் அருகே ஆற்றங்கரையில் பழைய செங்கற்சுவர்கள் தென்படுவதை எழுதிவைத்தவரும் அவரே. வானத்தில் கண்டிலர், மண்ணில் கண்டார். அரிக்கமேட்டைப் பற்றிய தொடக்கக் குறிப்பு அந்த வகையில் நமக்குக் கிடைத்தது.

இனி நகரின் முகப்புக்கு வருவோம். வருவோர் அனைவரும் முதலில் காண்பது இதுவே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கூர் ஷப்ரோல் என்றும், பின்னர் கூபேர் சாலை என்றும் பெயர் பெற்ற கடற்கரைச் சாலை இது. 1836 ஜூலை முதல் நாள் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இங்கே நிற்கிறது. காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1866-இல் கட்டிய இரும்புத் துறைமேடை ஒன்று கடலுக்குள் நீண்டிருந்தது. 1952-ஆம் ஆண்டின் புயல் அதனை வீழ்த்தியது. பிறகு சற்றுத் தெற்கே எழுந்த மற்றொரு துறைமேடையின் ஒரு பகுதியும் 2022-இல் கடலில் சரிந்தது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியார் உலவிய கரை இது. 1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் கப்பலிலிருந்து வந்திறங்கிய கரையும் இதுவே. அவர்கள் காலத்தில் இங்கே மணல் இருந்தது. முதியோரைக் கேட்டால், சாலைக்கும் அலைக்கும் இடையே சிறுவர்கள் ஓடி விளையாடியதையும், படகுகளை ஏற்றி வைத்திருந்ததையும் சொல்வார்கள். இன்று அவ்விடத்தின் நெடுகிலும் கருங்கல். மணல் எங்கே போயிற்று?

இவ்வினாவிற்கு விடை காண மணலின் நடையை அறிய வேண்டும். கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஓர் ஆறு போன்றது. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கே செல்கிறது. வழியில் கல்லால் ஓர் அணை குறுக்கிட்டால், அணைக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே மணல் வராது. வராவிட்டாலும் அலை தன் வேலையை நிறுத்துவதில்லை. இருப்பதை எடுத்துச் சென்றுகொண்டேயிருக்கும்.

இது புதுவைக்குப் பிறகு கண்டறிந்த செய்தி அன்று. சென்னையில் 1876-இல் துறைமுக வேலை தொடங்கிய பின் நடந்ததும் இதுவே. தெற்கே மணல் சேர்ந்து, கோட்டைச் சுவருக்கு அருகிலிருந்த கடல் விலகிச் சென்றது, மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரத்தை அலை தின்றது. மெரீனாவில் காற்று வாங்குவோர் பலருக்கு, தம் காலடி மணல் இராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது என்பது தெரியாது. நூறாண்டுக்கு முந்திய இந்தப் பாடம் புதுவைக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில், எவரும் காணுமாறு, கிடந்தது.

ஆயினும் 1986-இல் அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்தில் துறைமுக வேலை தொடங்கிற்று. 1989-இல் இரண்டு கற்கரங்கள் கடலுக்குள் நீண்டன. திட்டம் தீட்டியோர் மணலின் போக்கை அறியாதவர் அல்லர். தெற்கே சேரும் மணலை வாரிக் குழாய் வழியே வடக்கே சேர்க்க ஏற்பாடு வகுத்திருந்தார்கள். ஏற்பாடு தாளில் இருந்தது. மணலோ வேண்டிய அளவில் கடந்து செல்லவில்லை. கல்லைக் கொட்டுவது ஒருமுறைச் செலவு. மணலை வாருவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ஊழியம். நம் நாட்டுப் பணிகளில் முன்னதற்குக் கிடைக்கும் ஊக்கம் பின்னதற்குக் கிடைப்பதில்லை. நகரின் முகப்பு மணலை இழந்தது. சாலையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் உள்ள இடத்தில் அரிப்பு நின்றது; கல் முடியும் இடத்தில் தொடங்கியது. அங்கும் கல்லிட்டார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

கல்லை முற்றும் பழிப்பதும் நேர்மையன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது நகரின் முகப்பு பெருஞ்சேதமின்றித் தப்பியது. அந்தக் கற்கள் காத்தன என்று நகரத்தார் நன்றியோடு சொல்வர். அதே நாளில் மீனவர் ஊர்கள் பட்ட துன்பம் வேறு.

வடக்கேயுள்ள குப்பங்களைப் பற்றி நகரத்தில் பேசுவோர் குறைவு. கோட்டக்குப்பத்தை அடுத்துத் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். இவற்றுள் பல தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவை. துறைமுகம் கட்டியது ஓர் ஆட்சி. மணலை இழந்தது மற்றோர் ஆட்சியின் குடிகள். அலைக்கு எல்லைக்கல் தெரியாது, அலுவலகங்களுக்குத் தெரியும். மணல் போனால் போவது அழகு மட்டும் என்று நகரத்தார் எண்ணக்கூடும். மீனவர்க்கு மணலே முற்றம், மணலே களஞ்சியம். கட்டுமரம் ஏற்றுவதும், வலை உலர்த்திப் பழுது பார்ப்பதும், கருவாடு காயவைப்பதும் அங்கே. கரைவலை இழுக்க வேண்டுமானால், இரு கயிற்றையும் பற்றிப் பலர் நின்று பின்னோக்கி நடக்க மணல்வெளி வேண்டும். கற்குவியலின்மேல் நின்று எவரும் கரைவலை இழுக்க முடியாது. ஆகவே கரை தேய்ந்த ஊரில் ஒரு தொழில்முறையே தேய்கிறது. முன்வரிசை வீடுகள் சில கடலிலே போயின.

இத்தனையும் கேட்ட பின், எந்தக் கரைக்குப் போவது?

நடக்கவும் காற்று வாங்கவும் நகரின் கடற்கரைச் சாலையே சிறந்தது. மாலை முதல் காலை வரை அங்கே வண்டிகள் ஓடா. விடியலில் சென்றால் கடலினின்று கதிரவன் எழுவதைக் காணலாம். கற்களின்மேல் இறங்க வேண்டா, பாசி வழுக்கும், இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலை காத்திராது. 2018-ஆம் ஆண்டில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்குள், எஃகினாலான ஆப்பு வடிவ அமைப்பு ஒன்றை இறக்கினர். அலையின் வேகம் தணிந்து, அதன் அருகே மணல் மீண்டும் படிந்தது. நெடுங்காலம் மணலே இல்லாதிருந்த இடத்தில் குழந்தைகள் கால் நனைப்பதைக் கண்டு முதியோர் மகிழ்ந்தனர். எனினும் பருவத்துக்குப் பருவம் அந்த மணல் பெருகும், சுருங்கும்.

அகன்ற மணலை விரும்புவோர் தெற்கே செல்க. வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அண்மையிலுள்ள சின்ன வீராம்பட்டினத்துக் கரை, தூய்மைக்கும் வசதிக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றினை 2021-இல் பெற்றது. நோணாங்குப்பத்துப் படகுத்துறையிலிருந்து சுண்ணாம்பாற்றின் வழியே படகில் சென்றால், ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டு ஒன்றை அடையலாம். படகுப் பயணமே பாதி இன்பம். ஆனால் ஆற்றுமுகம் நீந்தும் இடம் அன்று. அமைதியாகத் தோன்றும் நீரே அங்கு இழுக்கும். கூட்டம் மிகுந்த விடுமுறை நாட்களைத் தவிர்ப்பது நன்று.

அலையில் பலகை ஏறி விளையாடும் இளைஞர்கள் தந்திராயன்குப்பத்துக்குச் செல்கின்றனர். அங்கே கடலுக்குள் நீட்டிய குறுக்குச் சுவர்களுக்கிடையே மணல் சற்றுத் தங்கியிருக்கிறது. அச்சுவர்கள் பிடித்துவைத்த மணல் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுக்குப் போகவில்லை என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பர். கால் வலுவுள்ளவர் அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே நடந்து பார்க்கலாம். கடல் இறங்கியிருக்கும் வேளையாயின் சிறிது தூரம் மணலில் நடக்க முடியும். பிறகு சரிந்த சுவரும், வேர் தெரிய நிற்கும் தென்னையும், வீட்டு வாசல்வரை ஏற்றிக் கட்டிய படகும் வரும். அதற்கப்பால் கரையோரம் வழியில்லை. ஊருக்குள் ஏறி, தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். கேட்டால் வழி காட்டுவார்கள். கடல் முன்பு எங்கே இருந்தது என்பதையும் கை நீட்டிக் காட்டுவார்கள்.