நாலந்தா வழியாகப் போகும் வீதி

வீதிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயர்களையும் பொறியியலாளரின் பெயர்களையுமே எழுதி வைத்தனர். வீதிக்குப் பணம் கொடுத்தவன் யார், கல்லுடைத்தவன் யார், அதே வீதியில் நடந்து மடிந்தவன் யார் என்ற கேள்விகள் அந்த ஏடுகளின் ஓரங்களிலே ஒதுங்கிக் கிடக்கின்றன. பழைய வீதிகளைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு நிதி எங்கே என்று இன்று நாடெங்கும் பேச்சு எழுகின்றது. அவ்வாறு பேசும்போது ஓரத்தில் கிடக்கும் அந்தக் கேள்விகளை நடுவே கொண்டுவந்து வைப்பது அவசியமாகும். அதற்கு மாத்தளை மாவட்டத்து நாலந்தாவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருவீதி மாத்தளையைக் கடந்து தம்புள்ளையை அடையுமுன் நாலந்தாவைத் தொடுகின்றது. மலைநாட்டுக்கும் வடசமவெளிக்கும் இடைப்பட்ட வாயில் இவ்வூர். 12 ஆம் நூற்றாண்டிலே மகா பராக்கிரமபாகு இங்கு அரண் அமைத்ததற்கும், பல்லவர் பாணியைத் தழுவிய கற்கோயிலான கெடிகே இங்கு எழுந்ததற்கும் அந்த வழியே காரணமாயிற்று. போவதென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு அக்கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டிலே மீண்டும் நிறுத்தினர். கோயில் இடம் மாறிற்று. ஊர்வழியாகச் செல்லும் வீதி மாறவில்லை.

வெள்ளையராட்சி இலங்கையிலே வீதி அமைக்கத் தொடங்கியபோது, கண்டி மன்னரின் இராஜகாரிய முறையே அதற்குக் கருவியாயிற்று. தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் கட்டாய உழைப்பைக் கொண்டே கொழும்பு-கண்டி வீதியை அமைப்பித்தார். பதினாறு வயதளவில், 1820 இல், அவ்வேலையிற் புகுந்த தொமஸ் ஸ்கின்னர் 1867 வரை இந்நாட்டின் வீதிகளோடு வாழ்ந்தார். அவருடைய உழைப்பும் துணிவும் மறுக்கத்தக்கவையல்ல. ஆயினும் அவர் சுட்டிய திசையிலே காடு வெட்டியவனுக்கு வரலாற்றில் பெயரில்லை.

கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசின்படி 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலே கோப்பிப் பயிர் மலைகளில் ஏறிற்று. கோப்பிக்கு வீதி வேண்டும். வீதிக்குக் காசு வேண்டும். காசு யாரிடமிருந்து வருவது? வீதியால் இலாபம் பெறுபவன் செலவை ஏற்கவேண்டும் என்பது நியாயம். 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டமோ, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாக மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. ஆயிரம் ஏக்கர் உடையவனுக்கும் அரை ஏக்கர் வயலுடையவனுக்கும் அதே ஆறு நாள். அதே மூன்று சிலிங்.

இங்கே இங்கிலாந்தின் வரலாற்றையும் நினைவிற்கொள்ளல் நன்று. அங்கும் 1555 ஆம் ஆண்டுச் சட்டம் ஊரார் ஆண்டுக்கு நான்கு நாள் வீதிவேலை செய்யவேண்டுமென்று விதித்தது. சில ஆண்டுகளில் அது ஆறு நாளாயிற்று. மனமில்லாதவனின் உழைப்பால் நல்ல வீதி அமையாது என்பதை மூன்று நூற்றாண்டு அனுபவத்தால் உணர்ந்த பாராளுமன்றம் 1835 இல் அதனை நீக்கிற்று. தன் நாட்டில் பயனற்றதென்று கைவிட்ட முறையைப் பதின்மூன்றே ஆண்டுகளின் பின் இலங்கைக் குடியானவன் தலையில் ஏற்றிய ஆட்சியை என்னென்பது!

துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வந்த புதிய வரிகளோடு வீதிவரியும் சேர்ந்தது. பௌத்த பிக்குகளுக்கும் முதலில் விலக்கில்லை என்பது சினத்தை மேலும் மூட்டிற்று. 1848 ஜூலை 26 இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். இரண்டு நாளில் மாத்தளை தாக்கப்பட்டது. உடனே இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8 இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். குடாப்பொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணை நடந்து, 1850 இல் டொரிங்டன் பதவி நீங்கினார். ஆறு நாள் உழைப்போ நீங்கவில்லை. 1861 ஆம் ஆண்டுப் பாதைச் சட்டம் அதனைப் புதிய உருவில் நிலைநிறுத்திற்று. இந்தத் தலைவரியை எதிர்த்து ஏ. ஈ. குணசிங்க முதலியோர் 20 ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது.

இதே வீதிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்ட தமிழ் உழைப்பாளர் தோணியில் மன்னார்க் கரையிலே இறங்கி, கங்காணியின் பின்னே காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். தண்ணீரில்லாக் காடும், வாந்திபேதியும், காய்ச்சலும் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. பிழைத்தவர்கள் தம்புள்ளையையும் நாலந்தாவையும் தாண்டி மலையடிவாரத்தை எட்டினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைப்பயணத்தோடு பிணைந்ததென்பது சும்மா வந்த மரபன்று. அவ்வளவு தூரம் உயிரோடு வந்தவன் முதலில் தேடியது அம்மனின் காலடியைத்தான்.

தோட்டங்களை ஆக்கியவர்களும், பாதைகளிலே சல்லிக்கல் உடைத்தவர்களில் பலரும் இம்மக்களே. வீதிவரியிலிருந்து இந்தியத் தொழிலாளருக்கு விலக்களிக்கப்பட்டது. இதைக் கருணையென்று எண்ணலாகாது. தொழிலாளியின் ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்கே உரியதென்ற கணக்கே அதன் அடியில் இருந்தது. 1937 இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் வாழும் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. உள்ளூர் வரி கட்டாதவனுக்கு உள்ளூர் ஆட்சியில் என்ன உரிமை என்ற வாதமும் எழுந்தது. உழைப்பு கணக்கிற் சேரவில்லை. வரிச்சீட்டு மட்டுமே சேர்ந்தது! 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த ஒதுக்கலை நாடளாவியதாக்கியது.

விளைவு என்ன? பெருவீதி அரசுக்குரியது, கிளைவீதி மாகாணத்துக்குரியது, ஊர்ப்பாதை பிரதேச சபைக்குரியது, லயத்துக்குப் போகும் பாதையோ தோட்டத்துக்குரியது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018 இலேதான். இடையில் தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயத்துப் பாதையின் குழிகள் மாறவில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் துணித்தொட்டிலில் சுமந்துகொண்டு பெருவீதிக்கு இறங்கும் மக்களிடம், சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லி ஆறுதல் கூற முடியுமா?

வீதி மூப்படைவது இயற்கை. தாரின் மேற்பரப்பு வெடிக்கும், வெடிப்பினூடே மழைநீர் இறங்கும், அடிக்கல் இளகும், பின்னர் வண்டியின் பாரம் குழியைத் தோண்டும். வடிகாலைத் துப்புரவு செய்து, வெடிப்பை உரிய காலத்தில் அடைத்தால் சிறு செலவோடு முடியும். அதைத் தள்ளிப்போட்டால் வீதியை அடியிலிருந்தே மீண்டும் அமைக்க நேரும். இதை அறியாத பொறியியலாளர் இல்லை. ஆயினும் வடிகாலைத் துப்புரவு செய்வதற்குத் திறப்பு விழா கிடையாது, பெயர்க்கல்லும் கிடையாது. ஆகவே பராமரிப்புப் பணம் சுருங்குகின்றது. புதிய வீதிக்குக் கடன் பெருகுகின்றது. போர் முடிந்தபின் ஏ-9 இன் வடபகுதி சீனக் கடனுதவியோடு புதுப்பிக்கப்பட்டது. அது வேண்டிய வேலையே. ஆனால் 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தபோது, எத்தனையோ ஊர்ப்பாதைகளின் வேலை அரைகுறையில் நின்றது. கடனைத் திருப்புவதற்கு அரிசியிலும் எண்ணெயிலும் வரி கட்டுபவனோ, தன் ஊருக்கு வீதி வராதவனும்தான்.

1848 இன் பாடம் இன்றும் பழுதடையவில்லை. வீதியின் நிதியைத் தீட்டும்போது இரண்டு கணக்குகள் வேண்டும்: பாரவண்டிகளாலும் வாணிபத்தாலும் வீதியைத் தேய்ப்பவன் எவ்வளவு கொடுக்கின்றான் என்பது ஒன்று, வைத்தியசாலைக்கும் பள்ளிக்கும் செல்ல வீதியே இல்லாதவன் எவ்வளவு காலமாகக் காத்திருக்கின்றான் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஊர்மக்கள் முன்னிலையில் வாசிக்கத் துணியும் சபைதான் வீதிகளைப் புதுப்பிக்கும் தகுதியுடைய சபை. வரி கொடுத்தவனின் பிள்ளையும், அக்காட்டுவழியே நடந்து வந்தவனின் பேரனும் ஒரே வரிசையில் நின்று அந்தக் கணக்கைக் கேட்கும் நாளில், நாலந்தா வழியாகப் போகும் வீதி உண்மையாகவே பொதுவீதியாகும்.