பனியில் முட்டையிட வளர்த்த கோழி

போன வாரம் சென்னையில இருக்கிற அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுத்தியும் பனி, நடுவுல பஞ்சு மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி ஒரு பொன்னிறக் கோழி. "சித்தப்பா, இது நிஜக் கோழியா?"

நிஜம்தான் கண்ணு. பேரு ஆர்பிங்டன். ஆனா முதல்ல அதுக்கு இவ்வளவு பஞ்சு கிடையாது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

ஆர்பிங்டன் என்பது லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் பகுதியில் இருந்த ஊர். வில்லியம் குக் என்பவர் வண்டியோட்டியாக இருந்து கோழி வளர்ப்புக்கு வந்தவர். 1886ல் கறுப்பு ஆர்பிங்டனை வெளியிட்டார். முட்டையும் வேணும், கறியும் வேணும் என்பதுதான் அவர் கணக்கு. முட்டைக்கு மினார்க்கா, உடம்புக்குப் பிளைமவுத் ராக், கூடவே சீனாவிலிருந்து வந்த லாங்ஷான். மூன்றையும் கலந்தார்.

லாங்ஷான் எதுக்கு? அது குளிர்காலத்திலும் முட்டையிடும். அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான். கோழிக்குச் சுமார் பதினாலு மணி நேர வெளிச்சம் வேணும்; குறைஞ்சா முட்டையும் குறையும், நின்னும் போகலாம். மத்தவங்க கூடு காலியா இருக்கும்போது முட்டை எடுக்கிறவனுக்குத்தான் நல்ல விலை. அதனால வசந்தத்தில் குஞ்சு பொரிக்க வைப்பாங்க. அந்தப் பெட்டைகள் பனி விழுறதுக்குள் பருவத்துக்கு வந்து முட்டையிட ஆரம்பிச்சிடும்.

பொன்னிற ஆர்பிங்டன் வந்தது 1894ல். வந்த முதல் குளிர்காலமே பெரும் சோதனை. 1895 பிப்ரவரியில் தேம்ஸ் நதியில் பனிக்கட்டிகள் மிதந்தன. ஸ்காட்லாந்தின் பிரேமரில் மைனஸ் 27.2 டிகிரி.

அந்தக் குளிர்ல கோழியைக் காப்பாத்துறதுக்கு நெருப்பு மூட்டணும்னு நினைப்பீங்க. தேவையில்லை. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்குப் பக்கம். இறகுக்குள் காற்றை அடைச்சு வெச்சுத் தன்னைத்தானே காத்துக்கும். அதுக்கு எதிரி ஈரம்தான். கூண்டை இறுக்கி மூடினா மூச்சுக்காற்றின் ஈரம் கொண்டையில் படிஞ்சு உறையும். கொண்டை நுனி கறுத்துப் போகும். சேவலுக்கு அப்படி ஆனா கொஞ்ச நாளைக்கு இனவிருத்தியும் பாதிக்கும். அதனால மேலே காற்றுப் போக வழி, கீழே காய்ந்த வைக்கோல், சாயங்காலம் வயிறு நிறையத் தானியம். உறையாத தண்ணீர் வேணும். முட்டையை உடனுக்குடன் எடுக்கணும், இல்லேன்னா உறைஞ்சு வெடிக்கும்.

சரி, பஞ்சு எப்படி வந்தது? கண்காட்சியால். ஜோசப் பார்ட்டிங்டன் என்பவர் லாங்ஷானையும் கொச்சினையும் கலந்து, தரையைத் தொடுற இறகோடு ஒரு பறவையைக் காட்சிக்கு வைத்தார். (கொச்சின்னதும் கேரளான்னு நினைச்சிடாதீங்க, அதுவும் சீனத்துக் கோழிதான்.) பரிசெல்லாம் அதுக்கே போச்சு. எல்லாரும் இறகுக்காகவே சேவலைத் தேர்ந்தெடுத்தாங்க. முட்டை குறைஞ்சது. பின்பக்க இறகு அடர்ந்து, கத்தரிச்சு விட்டாத்தான் முட்டை கரு கட்டும்ங்கிற நிலைமை.

ஆனா ஆஸ்திரேலியாவுக்குப் போன கறுப்பு ஆர்பிங்டன்களை அங்கிருந்தவர்கள் முட்டையைப் பார்த்தே தேர்ந்தெடுத்தாங்க. 1922-23ல் ஒரு போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டன. அதுதான் ஆஸ்ட்ரலார்ப். குக் 1904லேயே இறந்துட்டார். இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை.

கோழி ஒண்ணுதான். ஒரு ஊர் இறகைப் பார்த்துச் சேவலை நிறுத்தியது, இன்னொரு ஊர் முட்டையை எண்ணி நிறுத்தியது. சில தலைமுறையில் ரெண்டும் வேற வேற கோழி.

அண்ணன் மகளுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "கோழி நிஜம்தான். அந்தப் பஞ்சுதான் மனுஷன் ஆசைப்பட்டுச் சேர்த்தது."